மீதி யாருக்கு?

கொஞ்சம் நீளமான பதிவு. பேஸ்போல் பற்றியது. கணக்குப் படிப்பிக்கிறவன் எழுதுவதால் கடைசியில் வகுப்பறைக்குத்தான் வந்து சேரும். பொறுமையிருப்பவர்கள் வாசியுங்கள்.

பேஸ்போல் அணியில் அடிப்பதற்கு ஒன்பது பேர். அவர்களை ஒன்று முதல் ஒன்பது வரை வரிசைப்படுத்தி எழுதி, ஆட்டம் தொடங்கு முன் நடுவரிடம் கொடுத்துவிட வேண்டும். பிறகு வரிசையை மாற்ற முடியாது. மாற்று வீரர் வந்தாலும் வெளியே போனவருடைய இடத்தில்தான் நிற்க வேண்டும். யாரை எந்த இடத்தில் போடுவது என்று அமெரிக்காவில் நூறு வருடங்களுக்கு மேலாகச் சண்டை பிடிக்கிறார்கள். தேநீர்க் கடையிலிருந்து பல்கலைக்கழகம் வரை அந்தச் சண்டை நடக்கிறது.

எங்களுக்குக் கிரிக்கெட்தான் பழக்கம் என்பதால் ஒரு வித்தியாசத்தை முதலில் சொல்ல வேண்டும். கிரிக்கெட்டில் அவுட் ஆனால் கதை முடிந்தது. பேஸ்போலில் அவுட் ஆனவருக்கும் முறை திரும்ப வரும். ஒன்பதாமவர் முடித்ததும் மறுபடி முதலாமவர் வருவார். மூன்று பேர் அவுட் ஆனால் ஒரு இன்னிங்ஸ் முடியும். அடுத்த இன்னிங்ஸ் முதலாமவரிலிருந்து தொடங்குவதில்லை, விட்ட இடத்திலிருந்துதான் தொடங்கும். ஐந்தாமவரோடு நின்றிருந்தால் ஆறாமவர் வருவார். இப்படி ஒன்பது இன்னிங்ஸ். இந்த "விட்ட இடத்திலிருந்து" என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த விளையாட்டு எனக்கு அறிமுகமானது ஆசிரியர் கலாசாலை விடுதியில். ஒரு கூட்டாளியின் லெப்டொப்பில் ஐந்து பேர் நெருக்கியடித்துக்கொண்டு 'மனிபோல்' படம் பார்த்தோம். 2002ஆம் ஆண்டு ஓக்லண்ட் அணி. கையில் காசு குறைவு. பெரிய பெயருள்ளவர்களை விட்டுவிட்டு, அவுட் ஆகாமல் எப்படியாவது முதல் தளத்துக்குப் போய்ச் சேருகிறவர்களைத் தேடிப் பிடித்தார்கள். அந்த வருடம் தொடர்ச்சியாக 20 ஆட்டங்களில் வென்றார்கள். மற்ற நால்வரும் படத்தோடு மறந்துவிட்டார்கள். எனக்கு அதிலிருந்த கணக்கு பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து நேரம் கிடைத்தால் பேஸ்போல் பற்றி வாசிப்பேன், பார்ப்பேன்.

பழைய காலத்து வரிசை இப்படி. முதலாவது ஆள் வேகமாக ஓடுகிறவர். இரண்டாவது ஆள் அவரை அடுத்த தளத்துக்கு நகர்த்தத் தெரிந்தவர். மூன்றாவது ஆள் அணியிலேயே சிறந்தவர். நான்காவது ஆள் பலசாலி, தளங்களில் நிற்கிற எல்லோரையும் ஒரே அடியில் வீட்டுக்குக் கூட்டி வருகிறவர். பிறகு திறமை குறையக் குறையக் கீழே. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நாளடைவில் அந்த எண்களே கௌரவமாகிவிட்டன. 1929இல் நியூயோர்க் யாங்கீஸ் அணி சட்டையில் எண் போட்டபோது அடிக்கிற வரிசைப்படியே போட்டது. மூன்றாவதாக ஆடிய பேப் ரூத்துக்கு 3, நான்காவதாக ஆடிய லூ கெரிக்குக்கு 4. அந்த எண்கள் அவர்களுடைய பெயர்களோடு ஒட்டிக்கொண்டன.

இனிக் கணக்கைப் பார்ப்போம். ஒரு ஆட்டத்தில் ஒரு அணிக்கு ஏறத்தாழ 38 முறை அடிக்கக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 38ஐ 9ஆல் வகுத்தால் ஈவு 4, மீதி 2. எல்லோருக்கும் நான்கு முறை கிடைக்கும். மீதியிருக்கிற இரண்டு முறை யாருக்கு? வரிசையில் முதலாவது, இரண்டாவது ஆட்களுக்கு. சில நாள் மீதி 5 வரும், சில நாள் 7 வரும், சில நாள் மீதியே வராது. ஆனால் மீதி வருகிற நாளெல்லாம் அது மேலேயிருந்துதான் பங்கு போகும். ஒன்பதாமவருக்கு மீதியில் ஒருபோதும் பங்கில்லை.

சராசரியாக, வரிசையில் ஓர் இடம் மேலே போனால் ஆட்டத்துக்கு 1/9 முறை கூடுதலாகக் கிடைக்கும். சின்னப் பின்னம்தான். ஆனால் ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள். 162ஐ 9ஆல் வகுத்தால் 18. ஓர் இடத்துக்கு 18 முறை என்றால், முதலாமவருக்கும் ஒன்பதாமவருக்கும் இடையில் ஏறத்தாழ 144 முறை வித்தியாசம்.

அப்படியென்றால் முதலாவது இடத்தின் அர்த்தம் "வேகமாக ஓடுகிறவர்" என்பதல்ல, "ஆகக் கூடுதலான சந்தர்ப்பம் பெறுகிறவர்" என்பதுதான். வேகமாக ஓடுவார், ஆனால் அடிக்கடி அவுட் ஆவார் என்ற ஒருவரை அங்கே போட்டால், அணியின் மீதி முழுவதும் அவர் கையில் வீணாகும். ரிக்கி ஹெண்டர்சன் போன்ற ஒருவர் கிடைத்தால் பிரச்சினையில்லை. அவர் 1406 தளங்களைத் திருடியவர். அதோடு 2190 முறை 'வோக்' எடுத்தவர். வோக் என்றால், நான்கு மோசமான பந்துகளை அடிக்காமல் பொறுமையாக விட்டு முதல் தளத்தை இலவசமாகப் பெறுவது. எல்லா அணிக்கும் ஹெண்டர்சன் கிடைப்பதில்லையே.

கைல் ஷ்வார்பர் என்று பிலடெல்பியாவில் ஒருவர் இருக்கிறார். கனத்த உடம்பு, வேகமில்லை. 2023இல் அவருடைய அடிச் சராசரி .197. அதாவது ஐந்துக்கு ஒன்று கூட இல்லை. பழைய ஆட்கள் இவரை முதலாவதாக அனுப்புவதைக் கனவிலும் நினைத்திருக்கமாட்டார்கள். ஆனால் அந்த வருடம் பெரும்பாலான ஆட்டங்களில் அவர்தான் முதலாவது. ஏனென்றால் அவர் 126 வோக் எடுத்தார், 47 ஹோம் ரன் அடித்தார். அடித்தோ அடிக்காமலோ, மூன்று முறைக்கு ஒரு முறைக்கும் சற்றுக் கூடுதலாகத் தளத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அடுத்த வருடம், ஆட்டத்தின் முதல் ஆளாக வந்து ஒரே பருவத்தில் 15 ஹோம் ரன் அடித்துச் சாதனை படைத்தார்.

மூன்றாவது இடத்துக்கும் இதே கதி. டாங்கோ, லிச்மன், டொல்பின் என்ற மூவர் சேர்ந்து ஒரு புத்தகம் எழுதினார்கள். மூன்றாமவர் அடிக்கடி வருவது முதல் இருவரும் அவுட் ஆகி, தளமெல்லாம் காலியாக இருக்கிற நேரத்தில்தான் என்று அதில் காட்டினார்கள். ஆகவே சிறந்த மூவரை 1, 2, 4ஆம் இடங்களில் போடுங்கள் என்றார்கள். இப்போது பல அணிகளின் சிறந்த வீரர் இரண்டாவதாக ஆடுவதைப் பார்க்கலாம்.

இந்தச் சிந்தனை எங்களுக்குப் புதிதல்ல. புதுப் பந்தின் பளபளப்புப் போகும்வரை விக்கெட்டைக் காப்பாற்றுவதுதான் ஆரம்பத் துடுப்பாட்ட வீரரின் வேலை என்று உலகமே நம்பிக்கொண்டிருந்தது. 1996 உலகக் கிண்ணத்துக்குச் சற்று முன்னர் எங்கள் அணி அந்த இடம் எதற்கு என்று திரும்பக் கேட்டது. முதல் 15 ஓவரில் உள்வட்டத்துக்கு வெளியே இரண்டு பேர்தான் நிற்கலாம். அப்படியென்றால் அடிக்கிறவன் அப்போதுதானே போகவேண்டும்? சனத் ஜயசூரியவும் களுவிதாரணவும் மேலே போனார்கள். லாகூர் இறுதியாட்டத்தில் இருவரும் 23 ஓட்டங்களுக்குள் ஆட்டமிழந்தார்கள். இடிந்துபோகவில்லை. குருசிங்க மூன்றாவது, அரவிந்த நான்காவது, அர்ஜுன ஐந்தாவது. அரவிந்த ஆட்டமிழக்காமல் 107. மேலே போன இருவரும் விழலாம் என்பதையும் சேர்த்துத்தான் அந்த வரிசை போடப்பட்டிருந்தது.

உண்மையையும் சொல்ல வேண்டும். பேஸ்போலில் வரிசையை எவ்வளவு சரியாகப் போட்டாலும், வழக்கமான வரிசையை விட ஒரு பருவத்துக்குப் பத்துப் பதினைந்து ஓட்டங்கள்தான் கூடும். 162 ஆட்டங்களில் ஏறத்தாழ ஒரு வெற்றி. 1972இல் டெட்ரோய்ட் அணியின் மனேஜர் பில்லி மார்ட்டின் வெறுத்துப்போய்ப் பெயர்களைத் தொப்பிக்குள் போட்டுக் குலுக்கி வரிசையை எடுத்தார். அவ்வளவாக அடிக்கத் தெரியாத பிரிங்க்மன் நான்காவது இடத்துக்கு வந்துவிட்டார். அன்று அவர்கள் 3-2 என்று வென்றார்கள்! ஒன்பது பேரும் தொழில்முறை ஆட்டக்காரர்கள், எல்லோருக்கும் ஏறத்தாழ நான்கு முறை கிடைக்கும் என்பதால் வித்தியாசம் சின்னதாகிவிடுகிறது.

வகுப்பறையில் அது சின்னதல்ல.

என் தரம் 11 வகுப்பில் 37 பிள்ளைகள். பாடவேளை 40 நிமிடம். கரும்பலகைக்கு வந்து கணக்குச் செய்ய ஒரு நாளில் ஆறு பேருக்குத்தான் நேரம் கிடைக்கும். "யார் வாறது?" என்று கேட்டால் முன் வாங்கிலிருந்து ஐந்து கைகள் உயரும். தினமும் அதே ஐந்து கைகள். அதாவது ஒவ்வொரு நாளும் வரிசை முதலாமவரிலிருந்து தொடங்குகிறது. ஒன்பதாமவருக்கும் ஏறத்தாழ நான்கு முறை கிடைக்கிற பேஸ்போல் எவ்வளவோ பரவாயில்லை. இங்கே முப்பதாம் பிள்ளைக்குப் பூச்சியம்.

அதனால் நியமனம் கிடைத்த முதல் வருடத்திலிருந்தே பேஸ்போல் விதியைத்தான் வைத்திருக்கிறேன். இடாப்பு வரிசைப்படி ஆறு பேர். மணி அடித்ததும் கடைசிப் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. அடுத்த நாள் விட்ட இடத்திலிருந்து. ஏழு பாடவேளைக்குள் எல்லோரும் ஒரு முறை வந்துவிடுவார்கள். கடைசி வாங்கில் இருக்கும் ஒரு மகன் அந்தப் புள்ளியை எண்ணிக்கொண்டே இருப்பான். தன் முறைக்கு முதல் நாள் பின்னேரம் பக்கத்து வீட்டு மாணவனிடம் போய்ப் படித்துவிட்டு வருவான். வகுப்புக்குள் நுழையும்போதே, "சேர், இண்டைக்கு நான்தானே?" என்பான்.

இனி இந்த மாதத்துப் பிரச்சினைக்கு வருகிறேன்.

ஓ.எல் பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கிறது. கணிதத்துக்கு மேலதிக மாலை வகுப்பு நடத்த 15 இடம். அதிபர் பெயர்ப் பட்டியல் கேட்டார். வழக்கம், தவணைப் பரீட்சையில் முதல் 15 பேர். ஏ சித்தி எத்தனை என்பதுதானே வாசலில் பதாகையாகத் தொங்கும்.

நான் புள்ளிகளை எடுத்து வைத்துப் பார்த்தேன். 75க்கு மேல் 6 பேர். 40க்கும் 74க்கும் இடையில் 12 பேர். 20க்கும் 39க்கும் இடையில் 13 பேர். 20க்குக் கீழே 6 பேர். எஸ் சித்திக்கு 35 வேண்டும். நான் கொடுத்த பட்டியலில் அந்த 13 பேரும், அவர்களுக்குக் கீழே நெருங்கி நிற்கிற இரண்டு பேரும் இருக்கிறார்கள். மிச்ச நான்கு பேரை இடைவேளையில் எடுக்கிறேன். அவர்களுக்கு அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும்.

இரண்டு நாளில் செய்தி ஊருக்குள் போய்விட்டது. அஸர் தொழுதுவிட்டு வெளியே வரும்போது வகுப்பின் முதலாம் பிள்ளையின் வாப்பா பிடித்துக்கொண்டார்.

"சேர், எண்ட மகள்தானே வகுப்புக்கு முதலாம் புள்ள? லிஸ்ட்டில அவட பேர் இல்லையாமே?"

"ஓம் காக்கா, இல்லதான்."

"அப்ப கெட்டிக்காரப் புள்ளைக்குப் படிப்பிக்கமாட்டீங்களா?"

"அவட மார்க்ஸ் 91 காக்கா. ஏ எடுக்க 75 போதும். நான் இன்னும் முப்பது மணித்தியாலம் படிப்பிச்சாலும் அந்த ஒரு ஏ ரெண்டு ஏ ஆகாது."

அவர் சிரிக்கவில்லை. "எங்கட புள்ளையும் புள்ளதானே சேர்" என்றார். அது நியாயமான பேச்சு. அந்தப் பிள்ளை உயர்தரத்தில் கணிதப் பிரிவுக்குப் போக வேண்டுமென்று ஆசைப்படுகிறது. வாரத்துக்கு ஒரு கடினமான வினாத்தாள் தருகிறேன், வீட்டில் செய்து கொண்டுவரட்டும், நான் இருந்து திருத்தித் தருகிறேன் என்றேன். சரி என்றார், மனமில்லாமல்.

ஆசிரியர் அறையில் என் பேஸ்போல் பைத்தியம் தெரிந்த நண்பர் ஒருவர் வேறு விதமாகப் பிடித்தார். "மச்சான், அங்க மீதி ஆகக் கெட்டிக்காரனுக்குத்தானே போகுது? நீ தலைகீழாச் செய்ற."

நல்ல கேள்வி. இரவு முழுக்க யோசித்தேன். தலைகீழ் இல்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். பேஸ்போலில் சிறந்தவருக்கு மீதியைக் கொடுப்பது அவர் சிறந்தவர் என்ற மரியாதைக்காக அல்ல. இன்னொரு முறை அடிக்கக் கிடைத்தால் ஆகக் கூடுதலான ஓட்டம் அவரிடமிருந்துதான் வரும் என்பதற்காக. என் வகுப்பிலும் அதே கேள்வியைத்தான் கேட்டேன். இன்னொரு மணித்தியாலம் கிடைத்தால் எந்தப் பிள்ளையிடம் ஆகக் கூடுதலான மாற்றம் வரும்? 91 எடுத்த பிள்ளையிடம் அல்ல. 31 எடுத்த பிள்ளையிடம். 31 என்பது 36 ஆனால் அந்தப் பிள்ளைக்கு உயர்தரத்தின் கதவு திறக்கலாம். ஆகாவிட்டால் அடுத்த வருடமும் கணிதத்தைத் திரும்ப எழுத வேண்டும். எத்தனை பிள்ளைகள் திரும்ப எழுதாமலே கடையிலோ கடலிலோ வேலைக்குப் போய்விடுகிறார்கள் என்பது ஊரில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும்.

கேள்வி ஒன்றுதான், விடை இடத்துக்கு இடம் மாறும். பிழை நடப்பது, கேள்வியைக் கேட்காமல் "முதலாம் பிள்ளைக்குத்தான் முதல் இடம்" என்று எண்ணைக் கௌரவமாக்கும்போது.

பட்டியல் அதிபரின் மேசையில் இருக்கிறது. அவர் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை. "பெற்றார் கதைக்கிறாங்க சேர், திங்கட்கிழமை சொல்றன்" என்றிருக்கிறார். வழக்கமான பட்டியலையே கேட்டால், அதைப் படிப்பித்துவிட்டு, அந்த 15 பேரையும் காலையில் பாடசாலை தொடங்க முன்னர் எடுப்பதாக உத்தேசம். அதிபரிடம் அதையும் சொல்லிவிட்டேன்.

படிப்பிக்கிறவர்கள், பெற்றோர் இரு பக்கத்திலிருந்தும் கருத்துச் சொல்லுங்கள். 15 இடம் உங்கள் கையில் இருந்தால் யாருடைய பெயரை எழுதுவீர்கள்? பெயரை மட்டும் சொல்லாமல், அந்த இடம் எதற்கு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.