எஞ்சின் ஜில்லுனு இருக்கு... அலாரம் ஏன் அலறுது?

ஈசிஆர் பக்கம் போகிறவர்களுக்கு முட்டுக்காடு புதிதல்ல. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1984-ல் அங்கே படகுக் குழாமைத் தொடங்கியது. துடுப்புப் படகுக்கும் மோட்டார் படகுக்கும் அப்பாக்கள் டிக்கெட் வாங்கிய காலம் அது. இன்றைய பிள்ளைகள் கைநீட்டிக் கேட்பது வாட்டர் ஸ்கூட்டர். ஜெட் ஸ்கி என்றால் இன்னும் எளிதாகப் புரியும்.

சேலையூரில் டூவீலர் பட்டறை வைத்திருக்கும் அந்த மெக்கானிக்குக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அவருடைய அக்கா மகன் ஈசிஆரில் ஒரு தனியார் நீர்விளையாட்டு இடத்தில் ஜெட் ஸ்கி ஓட்டுகிறான். காணும் பொங்கலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவனிடமிருந்து போன் வந்தது.

"மாமா, ஸ்டார்ட் பண்ண உடனே ஓவர்ஹீட்னு லைட் எரியுது, பீப் பீப்னு கத்துது. வேகமும் ஏற மாட்டேங்குது. அந்த ஒயரைக் கட் பண்ணிடுன்னு ஓனர் சொல்றாரு. பண்ணிடவா?"

"கை வெக்காதடா. காலையில வர்றேன்."

காணும் பொங்கல் ஒரு நாள் வசூல் பையனுக்கு ஒரு மாதச் செலவைத் தாங்கும். மாமாவுக்கு அது தெரியும். மறுநாள் விடிவதற்குள் மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாக ஸ்கூட்டரில் போய் இறங்கிவிட்டார்.

வண்டி கரையில் நின்றது. ராத்திரி முழுக்கச் சும்மா கிடந்த எஞ்சின். சாவியைப் போட்டதுமே அலாரம் அடித்தது. "பாத்தியா, ஆறிப்போன அடுப்பு சுடுதுன்னு சொல்லுது" என்றார். பாதி நோய் அங்கேயே பிடிபட்டுவிட்டது. ஆனாலும் மீதியை அவர் விடவில்லை. பொய் அலாரம் என்று முடிவுகட்டும் முன், நிஜ அலாரம் இல்லை என்று உறுதி செய்ய வேண்டுமே!

காரில் ரேடியேட்டர் உண்டு. பெரும்பாலான ஜெட் ஸ்கிகளில் அது கிடையாது. வண்டியைத் தள்ளும் அதே பம்ப், வெளித் தண்ணீரில் கொஞ்சத்தை எஞ்சினுக்கும் புகைக்குழாய்க்கும் அனுப்பிக் குளிரவைக்கிறது. அடியில் இருக்கும் கம்பி வலையில் பாசியோ பிளாஸ்டிக் பையோ சிக்கினாலும், குழாயில் மணல் அடைத்தாலும் சூடு உண்மையிலேயே ஏறும். கழிமுகத்தில் மணல் மேடு போடும் முட்டுக்காடு போன்ற இடத்தில் இது எப்போதும் நடக்கக்கூடியது.

முதலில் வலையைப் பார்த்தார். சுத்தம். பிறகு தண்ணீர்க் குழாயை மாட்டி ஓடவிட்டார். இதில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் எஞ்சின், பிறகு தண்ணீர். நிறுத்தும்போது முதலில் தண்ணீர், பிறகு எஞ்சின். மாற்றிச் செய்தால் புகைக்குழாய் வழியாகத் தண்ணீர் எஞ்சினுக்குள் போய்விடலாம். பக்கவாட்டுத் துளையிலிருந்து தண்ணீர் சீராகப் பீய்ச்சியது. கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அதுபோலப் பட்டறையில் வைத்திருக்கும் கருவியால் புகைக்குழாயை அளந்தார். வெதுவெதுப்பு, அவ்வளவுதான்.

எஞ்சினை நிறுத்தி, சீட்டைத் திறந்து, பெட்ரோல் ஆவி வெளியேறட்டும் என்று காத்திருந்தார். பிறகு சென்சாரைக் கழற்றினார். இந்தச் சென்சாருக்குச் சூடு ஏற ஏற மின்தடை குறையும். குளிர்ந்த நிலையில் சில ஆயிரம் ஓம், கொதிநிலைக்குப் பக்கத்தில் சில நூறு ஓம். டீக்கடையில் வாங்கிய வெந்நீரில் அதை நனைத்து மல்டிமீட்டரில் பார்த்தார். ஒழுங்காகக் குறைந்தது. சென்சார் நல்ல பிள்ளை. அதே சென்சாரைப் பிளக்கில் மாட்டி, ஒயரின் மறுமுனையில் அளந்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. குளிர்ந்த நிலையிலேயே சில நூறு ஓம்தான் காட்டியது!

பிளக்கின் ரப்பர் வாஷர் கிழிந்திருந்தது. உப்புத் தண்ணீர் உள்ளே போய் இரண்டு பின்னுக்கும் நடுவே பச்சைக் களிம்பு கட்டியிருந்தது. உப்பு ஈரம் மின்சாரத்தைக் கடத்தும். தடை குறைந்ததும் கம்ப்யூட்டர் 'கொதிக்கிறது' என்று நம்பிவிட்டது. களிம்பைச் சுரண்டி, கிளீனர் அடித்து, புது வாஷர் போட்டு, கிரீஸ் தடவி மாட்டினார். அலாரம் வாயை மூடிக்கொண்டது.

"இதுக்கு ஒயரையே கட் பண்ணியிருக்கலாம்ல மாமா?"

"நாளைக்கு நெஜமாவே வலையில பை மாட்டும். முன்னாடி ஒரு கொழந்தை உக்காந்திருக்கும். அப்ப யாருடா உனக்குச் சொல்லுவா? வாயைக் கட்டினா வயித்துவலி போயிடுமா?"

பையன் பதில் பேசவில்லை. சூடு மீறினால் புகைக்குழாயின் ரப்பர் உருகும், தண்ணீர் உள்ளே புகும், கழிமுக இழுப்பில் எஞ்சின் நின்றுபோகும் என்பது அவனுக்கும் தெரியும்.

எச்சரிக்கை விளக்கின் ஆபத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1972 டிசம்பர் 29 அன்று, நியூயார்க்கிலிருந்து மியாமி வந்த ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 401 விமானத்தில் முன்சக்கரம் இறங்கியதைக் காட்டும் பல்பு எரியவில்லை. சக்கரம் சரியாகத்தான் இறங்கியிருந்தது. பல்புதான் பழுது. விமானிகள் அந்தப் பல்பையே பார்த்துக்கொண்டிருக்க, விமானம் மெல்லத் தாழ்ந்துகொண்டே வந்ததை யாரும் கவனிக்கவில்லை. சதுப்பு நிலத்தில் விழுந்து 101 பேர் இறந்தார்கள்.

அதனால்தான் மெக்கானிக் மருமகனிடம் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். "தண்ணியில இருக்கும்போது ரிப்பேர் பாக்காத. வேகத்தைக் குறை, பக்கத்துல கரை இருந்தா ஏறு. பீச்சுற தண்ணி நின்னிருந்தா எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு ஆளைக் கூப்பிடு. பொய்யா நெஜமான்னு கரையில பாத்துக்கலாம்."

வாடகைக்கு ஏறும் நமக்கும் இது பொருந்தும். லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டுங்கள். நீங்களே ஓட்டினால், விழுந்ததும் எஞ்சினை நிறுத்தும் கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளுங்கள். ஓட்டும் பையன் பீப் சத்தம் கேட்டுப் பாதியில் கரை திரும்பினால், 'காசு கொடுத்தோமே' என்று சண்டைக்குப் போகாதீர்கள். அவனுக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டு இறங்குங்கள்.