நற்சான்றுப் பத்திரம்



போன கிழமை குடியியல் பாடத்தில் ஒரு பிள்ளை கேட்டது: "சேர், பொலிஸ்மா அதிபரா வாறதுக்கு என்ன தகைமை வேணும்?"

ஆசிரியராக வருவதற்கு என்ன வேண்டும் என்று கேட்டிருந்தால் ஒரே மூச்சில் சொல்லியிருப்போம். உயர்தரப் பெறுபேறு, கலாசாலைப் பயிற்சி, இறுதிப் பரீட்சை. அதோடு நற்சான்றுப் பத்திரம். ஆனால் இந்தக் கேள்விக்கு நாங்கள் வெண்கட்டியை மேசையில் வைத்துவிட்டு நின்றோம்.

எங்கள் அரசியலமைப்பில் பொலிஸ்மா அதிபரை யார் நியமிப்பது என்று இருக்கிறது. ஜனாதிபதி பெயரை அனுப்ப வேண்டும், அரசியலமைப்புப் பேரவை அங்கீகரிக்க வேண்டும். அவர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை.

அதன் விலையை நாங்கள் பார்த்தோம். 2023 நவம்பரில் வட்டுக்கோட்டைப் பொலிசார் பிடித்த ஓர் இளைஞன் உயிரோடு வீடு திரும்பவில்லை. யாழ்ப்பாணமே கொதித்தது. அதே மாதம் 29ஆம் திகதி தேசபந்து தென்னக்கோன் பதில் பொலிஸ்மா அதிபரானார். இரண்டு கிழமையில், டிசம்பர் 14ஆம் திகதி, 2011இல் தொடுக்கப்பட்ட ஒரு சித்திரவதை வழக்கில் உயர்நீதிமன்றம் அவரையும் பொறுப்பாளி என்று தீர்ப்பளித்து, 5 இலட்சம் ரூபாய் நட்டஈடு கட்டச் சொன்னது. அதற்குப் பிறகும் 2024 பெப்ரவரியில் அவர் நிரந்தரமாக நியமிக்கப்பட்டார். பேரவையில் ஆதரவாக 4 பேர், எதிராக 2 பேர், வாக்களிக்காதோர் 2 பேர். அங்கீகாரத்துக்கு 5 வாக்குகள் வேண்டும் என்று வழக்குப் போட்டார்கள். ஜூலை 24ஆம் திகதி நீதிமன்றம் அவர் கடமையாற்ற இடைக்காலத் தடை விதித்தது. கடைசியில் 2025 ஓகஸ்ட் 5ஆம் திகதி, நீதியரசர் தலைமையிலான மூவர் குழுவின் அறிக்கைக்குப் பின், பாராளுமன்றம் 177 வாக்குகளால் அவரை நீக்கியது. எதிர்த்து ஒரு வாக்கும் இல்லை.

நீக்கியது நல்லது. ஆனால் வாசலில் கேட்க வேண்டியதை வீட்டுக்குள் விட்ட பிறகு கேட்டிருக்கிறோம்.

இந்தியாவில் 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓர் ஒழுங்கு சொன்னது. சேவைக்காலம், நல்ல பதிவு, அனுபவம் பார்த்து மூன்று பேரைத் தேர்வாணையம் தெரிவுசெய்யும், அதில் ஒருவரையே மாநில அரசு நியமிக்க வேண்டும். அங்கேயும் மாநிலங்கள் வளைத்து ஓடத்தான் பார்க்கின்றன. என்றாலும் கேட்பதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது.

பட்டம்தான் வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. இப்போதைய பொலிஸ்மா அதிபர் பிரியந்த வீரசூரிய சாதாரண கான்ஸ்டபிளாகச் சேர்ந்து மேலே வந்தவர். நாங்கள் கேட்பது ஒன்றுதான். மனித உரிமையை மீறியவர் என்று நீதிமன்றம் கண்ட எவரும் இந்தப் பதவிக்குத் தகுதியற்றவர் என்று சட்டத்திலேயே எழுதுங்கள்.

பதவி ஓர் அமானிதம். முப்பது பிள்ளைகளை ஒப்படைக்க எங்களிடம் நற்சான்றுப் பத்திரம் கேட்கும் நாடு, இரண்டு கோடிப் பேரை ஒப்படைக்கும்போதும் அதைக் கேட்கட்டும்.

அந்தப் பிள்ளைக்கு, "இன்னும் எழுதேல்லை மகன்" என்றுதான் சொன்னோம்.