ஆமை மேலே வரும்வரை

ஊருக்குப் புறப்படும் நாளில் மட்டும் அப்பா பட்டறைக்குப் போகமாட்டார். மே மாதம் முழுக்க நாங்கள் பம்பாய் தாராவியில் அவரோடுதான் இருப்போம். ஆனாலும் ஒரு முழுப் பகல் அவர் எங்கள் கைக்குக் கிடைப்பது அந்த ஒரு நாள்தான். மற்ற நாட்களில் நாங்கள் எழும்புமுன் போய்விடுவார். தோல்பை தைக்கும் பட்டறையிலிருந்து இரவு பத்து மணிக்கு மேல், நகக்கண்ணில் சாயக் கறுப்போடு திரும்புவார். ஞாயிற்றுக்கிழமையிலும் பாதி நாள் வேலை இருக்கும்.

பெட்டியும் பைகளும் முந்தின இரவே கட்டி வாசலோரம் வைத்தாகிவிடும். காலையில் குழாயில் தண்ணீர் வந்ததும் அம்மா பானையையும் குடத்தையும் நிறைத்துத் தட்டால் மூடிவைப்பாள். வி.டி. ஸ்டேஷனிலிருந்து மெட்ராஸ் மெயில் இரவில்தான். இடையில் கிடக்கிற பகலை என்ன செய்வது என்று கேட்டால் அப்பாவிடம் ஒரே பதில்: "மீன் காட்சிக்குப் போவோம்." 1984 முதல் 1989 வரை ஆறு கோடை. ஆறு முறையும் கடைசி நாளில் அங்கேதான் போனோம்.

மாகிமில் லோக்கல் ஏறி சர்னி ரோட்டில் இறங்க வேண்டும். மாட்டுங்கா ரோடு, தாதர், எல்பின்ஸ்டன் ரோடு, லோயர் பரேல், மகாலட்சுமி, பம்பாய் சென்ட்ரல், கிராண்ட் ரோடு என்று தம்பி ஒவ்வொன்றாகச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு வருவான். இன்றும் எனக்கு அந்த வரிசை தம்பியின் குரலில்தான் நினைவிருக்கிறது. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் எதிரே கடல். ஜூன் பிறந்திருக்கும். கறுத்த மேகம் தண்ணீர்மேல் தாழ்ந்து நிற்கும். மழை பிடிப்பதற்குள் எங்களை ஊரில் சேர்த்துவிட வேண்டும் என்பது அப்பாவின் கவலை. எங்கள் சந்தில் முதல் பெருமழைக்கே முழங்கால் தண்ணீர் ஏறிவிடும்.

மரைன் டிரைவில் இருந்த அந்தக் கட்டடத்தின் பெயர் தாராப்பூர்வாலா மீன் காட்சியகம். 1951இல் திறந்தது, டாக்டர் ராஜேந்திர பிரசாத் திறந்துவைத்தார். கட்டி முடிக்க ஆன எட்டு லட்ச ரூபாயில் இரண்டு லட்சம் டி.பி. தாராப்பூர்வாலா என்ற பார்சிக்காரர் கொடுத்தது. அதனால் அவர் பெயர். இதெல்லாம் வளர்ந்த பிறகு தேடிப் படித்தது. அப்போது எனக்கு அது வெளியே வெயிலும் உள்ளே இருட்டுமான ஓர் இடம், அவ்வளவுதான். நடக்கிற வழியில் விளக்கு இருக்காது, தொட்டிகளுக்குள்தான் வெளிச்சம். முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு பச்சையும் நீலமுமாகச் சன்னல்கள் தெரியும். அந்த வெளிச்சம் அப்பாவின் முகத்தில் அசையும். ஒரு மாதத்தில் அவர் முகத்தை அத்தனை நேரம் பார்த்தது அங்கேதான்.

அம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தாராவிக்குள் அவளுக்கு மொழிக் கவலை இல்லை. சந்து முழுக்கத் திருநெல்வேலிப் பேச்சு. 90 அடி ரோட்டைத் தாண்டிவிட்டால் வாயைத் திறக்கமாட்டாள். ரயிலில் யாராவது இந்தியில் ஏதாவது கேட்டால் அப்பா பக்கம் திரும்பிக்கொள்வாள். அப்படிப்பட்டவள் அந்த இருட்டுக்குள் நுழைந்ததும் பேச ஆரம்பித்துவிடுவாள். அவள் பிறந்தது உவரிக்குப் பக்கம். மீன்காரி கூடையை இறக்கும் திண்ணையில் வளர்ந்தவள். அப்பா நாங்குநேரிப் பக்கத்து வயக்காட்டுக்காரர். அவருக்குத் தெரிந்த மீன் குளத்துக் கெண்டையும் கெளுத்தியும்தான்.

"எப்பா, இது என்ன மீனுப்பா?" என்று தம்பி கேட்பான்.

"அம்மாட்ட கேளுல. அவளுக்குத்தான் தெரியும்."

தொட்டிமேல் ஒட்டியிருந்த பெயர்கள் எங்களில் யாருக்கும் உதவவில்லை. அம்மா கண்ணாடியில் விரலை வைத்துச் சொல்லிக்கொண்டே போவாள். "இது களவா. இது கிளாத்தி, தோலை உரிச்சுத்தான் ஆக்கணும். அந்தா பொந்துக்குள்ள வாயைத் தொறந்துக்கிட்டு நிக்கே, அது அஞ்சாளை, கடிச்சா விடாது. இது பேத்தை, வலையில விழுந்தா அப்படியே தூக்கி எறிஞ்சிருவாவ, விஷம்." திருக்கை வயிற்றைக் காட்டிக் கண்ணாடியில் ஏறி வரும்போது, பிள்ளை பெற்றவளுக்கு அதைப் பூண்டு தட்டிப் போட்டுக் குழம்பு வைத்துக் கொடுப்பதைச் சொல்வாள். பின்னாலேயே வருகிற மராத்திக் குடும்பம் ஒன்றும் புரியாமலே அவள் விரல் போகும் இடமெல்லாம் பார்க்கும். அப்பா கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நிற்பார். மீன்களை அவர் பார்த்ததாகவே எனக்கு நினைவில்லை. பேசுகிற அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

கடைசியில் ஆமைத் தொட்டி. மூச்சுக்காக ஆமை மேலே வந்துதான் ஆக வேண்டும், அதற்கு மீனைப் போலச் செவுள் கிடையாது என்று அம்மா சொல்லியிருந்தாள். அடியில் அசையாமல் கிடக்கும். நாங்கள் காத்திருப்போம். அது எழும்பி, துடுப்புக் கைகளை வீசி மேலே வந்து, மூக்கை மட்டும் நீட்டி ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு இறங்கும்வரை அங்கிருந்து நகரக் கூடாது. அது அப்பா வைத்த சட்டம். ஒரு வருடம் வெகுநேரம் நின்றோம். தம்பிக்குக் கால் வலித்து அழுகை வந்துவிட்டது. "பொறுல, வரும்" என்றார் அப்பா. பொழுதை நீட்டுவதற்கு அவரிடம் வேறு வழி இல்லை என்பது அன்று எனக்கு எப்படித் தெரியும்?

அதன்பிறகு நடக்கிற தூரத்தில் சௌபாத்தி. மணலில் உட்கார்ந்து பேல்பூரி. ஆளுக்கொரு குல்பி. பிறகு அறைக்கு வந்து சாமானை எடுத்துக்கொண்டு வி.டி. ரயில் நகரும்போது அப்பா சன்னல் கம்பியைப் பிடித்தபடி பிளாட்பாரம் முடியும்வரை கூடவே நடந்து வருவார். மெட்ராஸ் போய்ச் சேர்ந்து, அதன்பிறகு எழும்பூரிலிருந்து நெல்லை எக்ஸ்பிரஸ். அவ்வளவு தூரமும் நான் ஆமையைப் பற்றியே பேசிக்கொண்டு வருவேன்.

அப்பா 1990இல் ஊரோடு வந்துவிட்டார். 2009இல் இறந்துபோனார்.

2016இல் என் மகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போனேன். முந்தின வருடம்தான் புதுப்பித்துத் திறந்திருந்தார்கள். பன்னிரண்டு அடி நீளத்தில் கண்ணாடிக் குகை, தலைக்குமேல் மீன்கள், தொட்டிக்குத் தொட்டி கண்ணைப் பறிக்கும் வண்ண விளக்கு. நன்றாகத்தான் செய்திருந்தார்கள், மகள் குகைக்குள் நான்கு தடவை போய்ப்போய் வந்தாள். நான் பழைய இருட்டைத் தேடினேன். எந்தச் சுவரோரம் அப்பா கைகட்டி நிற்பார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. களவாவைக் காட்டி, "இது களவா" என்று மகளிடம் சொன்னேன். அவள் பலகையைப் பார்த்து வேறு ஒரு பெயரைப் படித்தாள்.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காக அதை மூடினார்கள். கட்டடம் பழுதாகிவிட்டது என்றார்கள், பிறகு திறக்கவில்லை. போன வருடம் வேலையாக மும்பை போனவள், திரும்பும் நாளில் ரயிலுக்கு நேரமிருந்ததால் சர்னி ரோட்டில் இறங்கினேன். பூட்டிய வாசல். உள்ளே தண்ணீர் இல்லாத தொட்டிகளை நினைத்துப் பார்க்க மனம் வரவில்லை. அங்கிருந்தே அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அந்த ஆமை எங்கட்டி இருக்கு இப்ப?" என்றாள் முதலில். எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் களவாவையும் அஞ்சாளையையும் பேசிக்கொண்டிருந்தோம். அப்போதுதான், இத்தனை வருடத்தில் நான் ஒருமுறைகூடக் கேட்காததைக் கேட்டேன். எங்களை ரயிலேற்றிவிட்டு அப்பா அந்த ராத்திரி எப்படித் திரும்பிப் போவார்?

"வி.டி.ல இருந்து சயானுக்கு ரயிலு. அங்கேருந்து நடதான்," என்றாள். பிறகு, "ஆனா ரூமுக்குப் போகமாட்டாராம்ட்டி. பட்டறையிலேயே தோலுக்கட்டு மேல படுத்துக்கிடுவாராம். மூணு நாலு நாளைக்கு அந்தப் பக்கமே போகமாட்டாராம். நான் நெறச்சு வச்ச தண்ணி மூடுன தட்டு மூடுனபடியே இருந்துச்சுன்னு, ஒவ்வொரு வருசமும் காயிதத்துல எழுதுவாரு."