தூரமா சுடணுமா, பக்கத்துல ஆரம்பி

எங்க கூட்டேரிப்பட்டுல துப்பாக்கின்னா ரெண்டுதான். மயிலம் திருவிழால பலூன் சுடுறது, பேங்க் வாசல்ல செக்யூரிட்டி அண்ணன் வச்சிருக்கறது. இப்ப அக்கா பையன் வந்து, "மாமா, ஆயிரம் மீட்டர் சுடப் பழகணும். கம்மி விலைல எந்த ரைஃபிள் வாங்கலாம்?"ங்கறான். கையில இருக்கறது அவங்கப்பா நெல்லு வித்த காசு. வீணாகக் கூடாதில்லையா?

சரி, விஷயத்துக்கு வருவோம். .303 மாதிரி ராணுவ ரகமெல்லாம் நம்ம நாட்டுல சாதாரண ஆளுக்குக் கிடைக்காது. .22-க்கே லைசென்ஸ் வேணும். 4.5 மி.மீ. ஏர் ரைஃபிள், சக்தி 20 ஜூலுக்குள்ள இருந்தா, 2016 ஆயுத விதிகள்படி லைசென்ஸ் தேவையில்ல. அதுலயும் ஸ்பிரிங் ரகம் போதும். காத்தடைக்கிற ரகம்னா பம்புக்குத் தனியா செலவு. ஸ்பிரிங் கொஞ்சம் உதறும், பிடிமானம் சரியில்லைன்னா உடனே காட்டிக் கொடுத்துடும். பழகுறவனுக்கு அது நல்லதுதான். மிச்சக் காசுக்கு பெல்லட் வாங்கு, நிறைய சுடுன்னேன்.

"வெறும் 10 மீட்டரா?"ன்னு மூஞ்சி சுருங்கிடுச்சு. தம்பி, அபினவ் பிந்த்ரா 2008ல பெய்ஜிங்ல தங்கம் வாங்கினது இந்த 10 மீட்டர்லதான். நம்ம கடலூர்ல பொறந்த இளவேனில் வாலறிவன் சுடுறதும் இதேதான். நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்! இங்க 1 மி.மீ. தப்பினா, ஆயிரம் மீட்டர்ல அது 10 செ.மீ. காத்து தள்ளுறது தனிக் கணக்கு.

பின்னாடி கெட்டியா மண்மேடு இருக்கணும், ஆளு, ஆடு மாடு வராத இடமா இருக்கணும். அது முக்கியம்.

ஆயிரம் மீட்டர் எங்கயும் ஓடிடாது. மொதல்ல பத்து குண்டும் ஒரே ஓட்டைல விழட்டும். அப்புறம் கிளப், .22 லைசென்ஸ்னு பேசலாம்.