அப்பாவின் மீன்தொட்டியும் லூமுட் புழுவும்

இரவு பதினொரு மணி இருக்கும். காலை நிகழ்ச்சிக்காக 4 மணிக்கே எழ வேண்டியவள் நான். தண்ணீர் குடிக்கக் கூடத்துக்கு வந்தேன். அப்பாவின் கடல்நீர் மீன்தொட்டியில் விளக்கு அணைந்திருந்தது. சும்மா கைப்பேசி வெளிச்சத்தை அடித்துப் பார்த்தேன். கல் இடுக்குகளில் இளஞ்சிவப்புப் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. ஒன்றிரண்டு அல்ல, இருபதுக்குக் குறையாது. ஒவ்வொன்றும் விரல் நீளம், உடம்பின் இருபக்கமும் வெள்ளை முடி.

அவசரத்தில் ஒன்றைக் கையால் பிடித்து இழுத்தேன். அடுத்த நாள் வானொலியில் குரல் கலகலப்பாக இருந்தது. விரல்தான் எரிந்துகொண்டே இருந்தது.

அது முள்புழு. ஆங்கிலத்தில் பிரிஸ்டல் வோர்ம் என்பார்கள். தொட்டால் அதன் மெல்லிய முட்கள் தோலில் ஏறிவிடும். ஒட்டும் டேப்பை அழுத்தி உரித்துத்தான் எடுத்தேன். மீன் வளர்க்கும் நண்பர் ஒருவர், "கல்லை எல்லாம் வெந்நீரில் போட்டு எடு" என்றார். அதற்கும் தயாரானேன். அப்பாதான் தடுத்தார்.

"சனிக்கிழமை லீவுதானேம்மா, லூமுட் போயிட்டு வந்துடலாம். உம்புன் விக்கிறவங்களுக்கு இதெல்லாம் அத்துப்படி."

ஈப்போவிலிருந்து பூசிங், சிரி இஸ்கண்டார், போத்தா, ஆயர் தாவார், சித்தியவான் வழியாக ஒன்றரை மணி நேரப் பயணம். போத்தாவில் பேராக் ஆற்றைக் கடந்ததும் அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் பால்மரம் வெட்டிய தோட்டம் சித்தியவான் பக்கம்தான். இப்போது அங்கே ரப்பர் இல்லை, எல்லாம் செம்பனை. "இங்கதான் லயம் இருந்துச்சு" என்று ஓர் இடத்தைக் காட்டினார். எனக்குத் தெரிந்தது செம்பனை வரிசைதான்.

லூமுட் என்றால் மலாயில் பாசி. கடலோரத்தில் பாசி மண்டியிருந்ததால் வந்த பெயர் என்பார்கள். சின்ன ஊர்தான், ஆனால் வரலாறு பெரிது. எதிரே தெரியும் பங்கோர் தீவின் கடலில் நின்ற புளூட்டோ கப்பலில்தான் 1874 ஜனவரி 20ஆம் தேதி பங்கோர் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன் பிறகு டிண்டிங்ஸ் என்ற இந்த வட்டாரம் பேராக்கிலிருந்து பிரிந்து பிரிட்டிஷாரின் நேரடி ஆட்சியில் இருந்தது. 1935இல்தான் பேராக்கிடம் திரும்பி வந்தது. இன்று கடற்படைத் தளத்தாலும் பங்கோருக்குப் போகும் ஃபெர்ரியாலும் ஊர் இயங்குகிறது.

படகுத்துறைக்குப் பக்கத்தில் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் பசியாறினோம். மாசிமகத்துக்கு லாரியில் ஏறி வந்து, இங்கே இறங்கி, பங்கோர் பத்ரகாளியம்மன் கோயிலுக்குப் படகு பிடித்த கதையை அப்பா சொன்னார். "உங்கம்மாவுக்கு அலைன்னா பயம். என் சட்டையப் புடிச்சிக்கிட்டேதான் வருவா." அம்மா போய் மூன்று வருடம் ஆகிறது. வீட்டில் அவர் இவ்வளவு பேசிக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று யோசித்தேன்.

தூண்டில் சாமான் விற்கும் ஒரு பாக்சிக்கிடம் போனோம். சின்ன டப்பாவில் ஈரமணலுக்குள் உம்புன்-உம்புன் நெளிந்தது. அலையாத்திக் காட்டுச் சேற்றில் வளை அமைத்து வாழும் புழு, மீனுக்கு நல்ல இரை. என் கைப்பேசிப் படத்தைப் பார்த்துச் சிரித்தார். "இதுவும் அதுக்குச் சொந்தம்தான்" என்றார். உண்மைதான். உலகக் கடல்களில் இந்த வகையில் 10,000க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன.

பிறகு கேட்டார்: "சேத்துல சாப்பாடு எங்க கூடுதலோ, அங்கதான் இதுவும் கூடும். உங்க தொட்டியில யார் தீனி போடறது?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அஞ்சு தடவ போடுவேன். சில நாள் ஆறு. நான் கிட்ட போனாலே மீனெல்லாம் மேல ஓடி வருதும்மா."

நான் காலை 4 மணிக்குப் போனால், சாயங்காலம்தான் திரும்புவேன். வந்ததும் தூங்கிவிடுவேன். அந்த வீட்டில் அவர் பக்கம் ஓடி வருவதற்கு வேறு யார் இருந்தார்கள்?

முள்புழு பெரும்பாலும் தொட்டியின் துப்புரவுப் பணியாளர். மீன் தின்றது போக மிச்சம் விழுவதையும் கழிவையும் தின்னும். அது பெருகினால், மிச்சம் பெருகியிருக்கிறது என்று பொருள். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொன்றால், செத்த புழுக்கள் அழுகி அம்மோனியா ஏறும். மீன்களும் சாகும். கல்லை வேக வைத்தாலும் ஆபத்து. அதிலிருக்கும் சில உயிர்களின் நஞ்சு ஆவியோடு மூச்சில் ஏறலாம். பவளத்தைத் தின்னும் தீப்புழு போன்ற சில இனங்களைத்தான் கண்டிப்பாக அகற்ற வேண்டும்.

நாங்கள் செய்தது எளிது. இரண்டு நிமிடத்தில் மீன் தின்று முடிக்கும் அளவுக்கு, நாளுக்கு இரண்டு முறை மட்டும் தீனி. வாரம் ஒருமுறை குழாய் வைத்து மணல் கழிவை உறிஞ்சி எடுத்தோம். சிறு துளையிட்ட பிளாஸ்டிக் புட்டியில் ஓர் இறால் துண்டை வைத்து இரவில் இறக்கினோம். காலையில் உள்ளே புகுந்திருந்த புழுக்களைப் புட்டியோடு வெளியே எடுத்தோம். கையுறை இல்லாமல் தொடுவதில்லை. சில வாரங்களில் கூட்டம் குறைந்தது.

நீங்களும் குடும்பத்தோடு லூமுட் போனால், சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தெலுக் பாத்தேக் கடற்கரையையும் பார்த்துவிட்டு வாருங்கள். கடைகளில் சிப்பி, பவள அலங்காரப் பொருள்கள் கண்ணைப் பறிக்கும். பவளத்தைக் கடலிலேயே விட்டுவிட்டு, நெத்திலிக் கருவாடு வாங்கி வாருங்கள்.

இப்போது மாதம் இரண்டு சனிக்கிழமை லூமுட்டில்தான் இருக்கிறோம். பாக்சிக்கிடம் ஒரு டப்பா உம்புன் வாங்கி, அப்பா தூண்டிலில் கோத்துக் கொடுக்கிறார். எனக்கு இன்னும் ஒரு மீன்கூடச் சிக்கவில்லை. அவர் ஒரு கெளுத்தி பிடித்துவிட்டு, அதைப் பற்றியே ஈப்போ வரைக்கும் பேசிக்கொண்டு வந்தார்.

இரவில் தொட்டியில் வெளிச்சம் அடித்தால், இன்னமும் ஒன்றிரண்டு புழு தெரியும். இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.