அம்மாச்சிக்குக் கால் இருக்கு!

எனக்கு 42 வயதிலேயே பேத்தி பிறந்துவிட்டாள். பத்தாவதோடு படிப்பை நிறுத்தி, 18 வயதில் கழுத்தை நீட்டி, அடுத்த வருஷமே பெண்ணைப் பெற்றவள் நான். என் பெண்ணும் பி.காம். முடித்த கையோடு கல்யாணமாகி சிங்கப்பூர் போய்விட்டாள். அங்கே பக்கத்து ஃபிளாட்டில் ஒரு சீனப் பெண்மணி. நான் பாட்டி என்று சொன்னால் நம்பவே இல்லை. அவருக்கும் என் வயதுதான். அவருடைய மகன் அப்போதுதான் ஒன்றாம் வகுப்பு!

இதுவரை நாலு தடவை போய் வந்துவிட்டேன். லால்குடியிலிருந்து திருச்சி ஏர்போர்ட் ஒரு மணி நேரம்கூட இல்லை. அங்கே பிளேன் ஏறினால் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். சென்னைக்கு ரயிலில் போவதைவிடச் சீக்கிரம். ஆனாலும் கடல் தாண்டின ஊர் கடல் தாண்டின ஊர்தானே. நினைத்தபோது கிளம்ப முடியுமா? விசா வேண்டும், டிக்கெட் வேண்டும், இங்கே கடையைப் பார்க்கும் மனிதருக்கு ஒரு மாசத்துக்குச் சாப்பாட்டு ஏற்பாடு வேண்டும்!

முதல் பயணம் 2019-ல், பெண்ணின் பிரசவத்துக்கு. கூடத்தில் பெட்டியைப் பரப்பி வைத்து, சுக்கு, மிளகு, திப்பிலி, பூண்டு ஊறுகாய் என்று அடுக்கிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை ஃபோன் பண்ணினார். "அத்தை, எது வேணும்னாலும் கொண்டு வாங்க. கசகசா மட்டும் வேண்டாம்!" குருமாவுக்கு அரைக்கிற கசகசாவுக்கு என்ன வந்தது என்று பார்த்தால், அந்த ஊர்ப் போதைப்பொருள் சட்டத்தில் அது தடை செய்யப்பட்ட சாமானாம். சிங்கப்பூர் கிளம்பும் தாய்மார்கள் இதை மட்டும் மறந்துவிடாதீர்கள். மசாலாப் பொடியில் கலந்திருந்தாலும் வைத்துவிட்டுப் போங்கள். மற்றபடி அங்கே தேக்கா மார்க்கெட்டில் முருங்கைக்கீரை முதல் வாழைப்பூ, வாழையிலை, மல்லிகைச் சரம் வரை எல்லாம் கிடைக்கிறது. அடுத்த பயணத்திலிருந்து என் பெட்டி பாதியாகிவிட்டது.

பிரசவமும் சுகமாக ஆனது. எங்கள் பக்கத்தில் குழந்தை பிறந்ததும் நாக்கில் தேன் தொட்டு சேனை வைப்பது வழக்கம். அங்கே டாக்டரம்மா, ஒரு வயசு முடிகிற வரை தேன் வாயில் படவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பச்சைக் குழந்தையின் குடலில் வளர்ந்து விஷமாகுமாம். ஆறு மாசம் வரை தாய்ப்பால்தான், தண்ணீர்கூட வேண்டாம் என்றார். சரி என்று கேட்டுக்கொண்டேன். நம் காலத்தில் செய்தோமே என்று வாதாட நான் அவ்வளவு தூரம் போகவில்லை. ஆனால் காலை நீட்டிப் போட்டு, அதில் குழந்தையைப் படுக்க வைத்து வெந்நீர் ஊற்றுவதை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தச் சின்ன பாத்ரூமில் நான் ஒரு பலகை போட்டு உட்கார்ந்தால் கதவு மூடாது. பெண் வெளியே நின்று வேடிக்கை பார்ப்பாள். இரண்டு மாசம் அந்தப் பூ உடம்பைத் தேய்த்துத் தேய்த்து, கிளம்புகிற அன்று என் உள்ளங்கையே காலியானது போல இருந்தது.

குழந்தைக்கு ஒரு வயசு முடிந்ததும் 2020 ஏப்ரலில் போவதாக டிக்கெட் எடுத்திருந்தோம். மார்ச்சிலேயே கொரோனா எல்லாக் கதவையும் சாத்திவிட்டது. அவள் தவழ்ந்தது, நடந்தது, பல் முளைத்தது, எல்லாம் ஃபோனில்தான் பார்த்தேன். மறுபடி நான் போனது 2022 ஜூனில். அவளுக்கு மூணு வயசு தாண்டிவிட்டது.

சாங்கி ஏர்போர்ட்டில் வெளியே வந்தேன். அவள் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டு என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பார்வை காலிலேயே நின்றது. குனிந்து மெட்டியைத் தொட்டாள். பிறகு அம்மாவிடம் கத்தினாள். "மம்மி! அம்மாச்சிக்கு லெக்ஸ் இருக்கு!"

எல்லோரும் சிரித்தோம். பின்னே, இத்தனை நாளும் முகம் மட்டும்தானே பார்த்திருக்கிறாள்! காரில் அவர்கள் எல்லோரும் பேசிக்கொண்டு வர, நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு ரோட்டோர மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அவளை அள்ளித் தூக்கக் கை பரபரத்தது. ஆனால் புது மனுஷி ஒருத்தி திடீரென்று வந்து கட்டிப் பிடித்தால் நமக்கே பிடிக்குமா? தானாக வரட்டும் என்று தரையில் உட்கார்ந்து பூ கட்டினேன். நாலாம் நாள் வந்தாள். மடியில் உட்காரவில்லை, நாரைப் பிடித்துக்கொண்டாள். அது போதும் எனக்கு.

பேச்சுதான் தகராறு. நாம் சொல்கிற தமிழ் அத்தனையும் அவளுக்குப் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். அதிலும் சிங்கப்பூர் இங்கிலீஷ். முடியும் என்றால் "கேன் லா", முடியாது என்றால் "கேனாட்". பாலர் பள்ளியில் சீனக் குழந்தைகள், மலாய்க் குழந்தைகள் எல்லோருக்கும் பொதுவாக அந்தப் பாஷைதான். பெண் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "விடும்மா. அவ புரிஞ்சுக்கறா இல்ல, அது போதும்" என்றாள்.

"உனக்குப் போதும்டி. எனக்குப் போதாது" என்றேன்.

நான் கோபத்தில் சொல்லவில்லை. அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் இங்கிலீஷ் தெரியும். குழந்தை எந்தப் பாஷையில் கேட்டாலும் காரியம் நடந்துவிடும். அப்புறம் எதற்கு அது தமிழில் பேச வேண்டும்? எனக்கு நிஜமாகவே புரியாது. லால்குடி ஸ்கூலில் படித்த இங்கிலீஷ், பஸ் போர்டு படிக்கத்தான் ஆகும். இந்த ஒரு மாசத்தில் பேச்சுப் பழகாவிட்டால், இன்னும் நாலு வருஷத்தில் எனக்கும் அவளுக்கும் நடுவே "ஹாய் அம்மாச்சி, பை அம்மாச்சி" தவிர என்ன மிச்சம் இருக்கும்? அந்தப் பயம் எனக்கு.

அதனால் பெண்ணிடம் இரண்டு விஷயம் கறாராகச் சொன்னேன். நாங்கள் பேசும்போது நடுவில் வந்து மொழிபெயர்க்காதே. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் என்னைக் கரண்டி பிடிக்கச் சொல்லாதே. முறுக்கும் அதிரசமும் பண்ணி டப்பா டப்பாவாக நிரப்பிவிட்டு வருவதற்கு நான் முப்பது நாள் விசா வாங்கிக்கொண்டு போக வேண்டுமா? தேக்காவில் முறுக்கு விற்கிறது. பெண்ணுக்கு முகம் கொஞ்சம் சுருங்கத்தான் செய்தது. அம்மா கை முறுக்குக்கு ஏங்கியிருப்பாள், பாவம். காலையில் அவளுக்குப் பண்ணிக் கொடுத்துவிட்டேன் என்று வையுங்கள்.

குழந்தை ஏதாவது கேட்பாள். "அம்மாச்சிக்குப் புரியலையே கண்ணு" என்பேன். அதையே இன்னும் சத்தமாக இங்கிலீஷில் சொல்வாள். பிறகு கையால் காட்டுவாள். அப்புறம் காலை உதைப்பாள். ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, விளையாட்டுத் திடலிலிருந்து வியர்க்க விறுவிறுக்க வந்தவள் என் முந்தானையைப் பிடித்து இழுத்து, "அம்மாச்சி, தண்ணி குடு" என்றாள். ஓடிப்போய்க் கொடுத்தேன். என் இங்கிலீஷ் இத்தனை நாளில் எனக்குச் செய்த ஒரே உபகாரம் அது!

அதற்கப்புறம் வாயை மூடவில்லை. ராத்திரி பாட்டி வடை சுட்ட கதை. எடுத்த எடுப்பிலேயே, "அந்தப் பாட்டி எந்த ஹாக்கர் சென்டர்ல வடை விக்கறாங்க?" என்றாள். அங்கே தெருவோரத்தில் அடுப்பு வைத்து யாரும் விற்பதில்லை. உணவுக் கடைகள் எல்லாம் ஒரே கூரையின் கீழ், வரிசையாக இருக்கும். சரி, அந்தப் பாட்டிக்கும் அங்கே ஒரு கடை பிடித்துக் கொடுத்தேன். அடுத்த சந்தேகம் காக்காய். அவள் அதிகம் பார்த்தது மைனாக்களைத்தான். அந்த உணவுக் கூடங்களில் மேஜைக்கு மேஜை தாவி, மிச்சச் சோற்றைத் தின்னும் மைனாக்கள் நிறைய உண்டு. ஆகவே வடையைத் தூக்கியது மைனா என்று ஆனது. நரிக்குப் பதில் என்ன போடுவது என்று இரண்டு நாள் யோசித்துக் கடைசியில் ஒரு பூனையில் வந்து நின்றோம்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாகத் தாவரவியல் பூங்காவுக்குப் போனோம். 1859-ல் ஆரம்பித்த தோட்டமாம். 2015-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அதற்குள்ளேயே குழந்தைகளுக்கென்று தனியாக ஒரு தோட்டம். பெரியவர்கள் தனியாக வந்தால் உள்ளே விட மாட்டார்கள், கூட ஒரு குழந்தை இருக்க வேண்டும். இதை அவள் அப்பா சொன்னதும் வந்ததே பெருமை! என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் இல்லேன்னா உன்னை விட மாட்டாங்க" என்று சொல்லிச் சொல்லியே என்னைக் கூட்டிப் போனாள்.

ஊருக்குக் கிளம்புகிற நாள் வந்தது. பெட்டியைக் கட்டும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மாச்சி, மறுபடி ஃபோனுக்குள்ள போறியா?"

"ஆமாடா தங்கம்."

கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்புறம் காலோட வா" என்றாள்.

திருச்சி வந்து இறங்கும் வரை எனக்கு அதேதான் காதில்.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் ஐந்தரை மணி அவளுக்கு. நமக்கு ஐந்தரை என்றால் அங்கே எட்டு, தூங்கப் போகும் நேரம். இரண்டரை மணி வித்தியாசம். நான் முற்றத்தில் மல்லிகை மொட்டைப் பறித்துக்கொண்டே கதை சொல்வேன், அவள் படுத்துக்கொண்டே கேட்பாள். எது தவறினாலும் அது தவறாது. விசேஷ வீட்டுக்குப் போனால்கூட ஐந்தரைக்கு ஒரு மூலையாகப் பார்த்து ஒதுங்கிவிடுவேன். "இந்த அம்மாவுக்கு யாரிடம் அப்படி ரகசியம்?" என்று கேலி பேசியவர்களும் உண்டு.

2023-ல் பேரன் பிறந்தான். அந்தத் தடவை மாப்பிள்ளை விண்ணப்பம் போட்டு நாளை நீட்டித்து வாங்கினார். சின்னவனோடு அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், பெரியவள் முகம் தொங்கிப் போனது. இது எல்லா வீட்டிலும் உண்டு. இதற்கென்றே ஒரு சாமான் கொண்டு போயிருந்தேன். என் மாமியாரின் பல்லாங்குழி! பதினாலு குழி, குழிக்கு ஐந்து சோழி. பாப்பா தூங்கும்போதெல்லாம் நாங்கள் இருவரும் பலகையைப் பரப்புவோம். நாலு சேர்ந்தால் "பசு" என்று சொல்லி எடுக்க வேண்டும் அல்லவா? இவள் போடுகிற "பசூ...!" சத்தத்தில் தூங்குகிற பிள்ளை தூக்கிவாரிப் போட்டு எழுந்துவிடும். பெண் எங்களைக் கீழே விரட்டினாள்.

அங்கே அடுக்குமாடிகளில் தரைத்தளத்தைச் சுவர் எழுப்பாமல் பொது இடமாக விட்டிருப்பார்கள். கல்யாணம், காரியம், வயதானவர்கள் அரட்டை, எல்லாம் அங்கேதான். நாங்கள் பலகையை வைத்ததும் தலையில் துணி சுற்றிய ஒரு மலாய்க்காரப் பாட்டி எட்டிப் பார்த்து, "சோங்காக்!" என்று கன்னத்தில் கை வைத்தார். அவர்களிடமும் இதே மாதிரி ஆட்டம் இருக்கிறது. பக்கத்துக்கு ஏழு குழி, அதோடு இரண்டு முனையிலும் பெரிய குழி ஒவ்வொன்று. எனக்கு மலாய் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. நடுவில் பேத்தி! அவர் இங்கிலீஷில் சொல்வதை எனக்குத் தமிழில் சொல்வாள், நான் சொல்வதை அவருக்கு இங்கிலீஷில். "அம்மாச்சி, நெனெக் சொல்றாங்க, நீ ஏமாத்தறியாம்!" நாலே வயசு! நெனெக் என்றால் மலாயில் பாட்டி. அப்படி இரண்டு பாட்டிகளையும் ஆட்டி வைத்தாள். மேலே பிள்ளையோடு இருக்கும் அம்மாவின் நினைப்பே இல்லை.

2025 ஜூனில் நான் போனபோது ஆறு வயசு. இங்கிலீஷ் சரளமாகப் படிக்கிறாள். அந்த நாட்டில் தமிழும் ஓர் ஆட்சிமொழி. மலாய், சீனம், இங்கிலீஷ், தமிழ் என்று நாலு பாஷையிலும் ரயிலில் எச்சரிக்கைப் பலகை இருக்கிறது. அதே பலகையில் அவள் இங்கிலீஷைப் படிப்பாள், நான் தமிழைப் படிப்பேன். இரண்டும் ஒரே அர்த்தமா என்று சரிபார்ப்பாள். வீடு திரும்புவதற்குள் 'க'வும் 'த'வும் தெரிந்துகொண்டாள். 2026 ஜனவரியில் அவளுக்கு ஒன்றாம் வகுப்பு, தமிழும் ஒரு பாடம். முசிறியில் இருக்கும் எங்கள் சம்பந்தியம்மாவும் சும்மா இல்லை. அவர் போகும்போது பாட்டும் ஆத்திசூடியும் சொல்லிக் கொடுத்துவிட்டு வருகிறார். யாரைக் கேட்டு எனக்கு முன்னால் ஆத்திசூடியை ஆரம்பித்தார் என்று எனக்குள் கொஞ்சம் பொறாமைதான். இருக்கட்டும், அப்பாயிக்கும் பங்கு வேண்டுமே!

சின்னவனோடு இந்தத் தடவை கஷ்டமே இல்லை. அவனிடம் அக்கா போட்ட சட்டம் ஒன்று உண்டு. "அம்மாச்சிகிட்ட தமிழ்லதான் பேசணும். இல்லேன்னா அவங்களுக்குப் புரியாது, பாவம்!"

இப்போது ஐந்தரை மணிக்கு ஒரு மாறுதல். கதை சொல்வது நான் இல்லை, அவள்தான். அதுவும் தாத்தாவுக்கு. இவர் கடையை விட்டு நகராத மனிதர், இன்னும் பாஸ்போர்ட்கூட எடுக்கவில்லை. நான் காபி கொண்டு போகும்போது பார்க்கிறேன். தராசுக்குப் பக்கத்தில் ஃபோனைச் சாய்த்து வைத்திருக்கிறார். அரைக் கிலோ துவரம்பருப்பு கேட்டு ஒருத்தர் நின்றுகொண்டிருக்கிறார். இவர் அவரைப் பார்த்து, கொஞ்சம் பொறு என்று கையைக் காட்டிவிட்டு, "ம்... வடையை மைனா தூக்கிட்டுப் போயிடுச்சு. அப்புறம்?" என்கிறார்.