தினமும் ஓடுமா பழைய மோரிஸ்?

பினாங்கு என்றதும் தண்ணீர்மலைக் கோயிலும் கொடிமலை ரயிலும்தான் நம் நினைவுக்கு வரும். நான் சொல்ல வருவது ஜார்ஜ் டவுன் தெருக்களில் ஒரு பழைய காரை ஓட்டிய கதை. அப்படி ஒரு காரை வாங்கித் தினமும் ஓட்டலாமா என்று யோசிக்கும் வாசகர்களுக்கு இது பயன்படக்கூடும்.

என் அப்பா பால்மரம் வெட்டியவர். தோட்டத்துக் கிராணியார் ஒருவர் மாற்றலாகிப் போனபோது, அவருடைய மோரிஸ் மைனரை அப்பா சேமிப்புப் பணத்தில் வாங்கினார். 1948-ல் இங்கிலாந்தில் வெளிவந்த ரகம் இது. மொத்தம் 16 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டன. நான் ஆசிரியர் வேலைக்கு வந்த நாள் முதல் அதையே ஓட்டினேன்.

ஜார்ஜ் டவுனுக்கு அது பொருத்தமான கார். அந்த நகரின் பழைய பகுதி 2008-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மாட்டு வண்டியும் ரிக்‌ஷாவும் போன தெருக்கள் அங்கே இன்னும் அப்படியே இருக்கின்றன. மோரிஸின் அகலம் ஐந்தடிக்குச் சற்றே கூடுதல். லெபோ பாசாரில் பூக்கடைக்கும் சரக்கு லாரிக்கும் நடுவே நுழைந்து, மகா மாரியம்மன் கோயில் பக்கம் சிரமமின்றிப் போய்விடலாம். அங்கே வேகத்துக்கு வேலையே இல்லை.

ஆனால் வாசகர்களே, கவனிப்பு இல்லாமல் இந்தக் கார் ஓடாது. முன்சக்கர மூட்டுகளுக்கு முறை தவறாமல் கிரீஸ் அடிக்க வேண்டும். மறந்தால் மூட்டு தேய்ந்து, ஒருநாள் சக்கரமே மடங்கிவிடும். அந்தக் காலப் பெட்ரோலில் இருந்த ஈயம், வால்வு உட்காரும் இடத்தைத் தேயாமல் காத்தது. இன்றைய பெட்ரோலில் ஈயம் இல்லை. ஆகவே அங்கே கடினமான இரும்பு வளையம் பொருத்துவது நல்லது. கடற்காற்று பட்டால் அடித்தகடு துருப்பிடிக்கும். இதற்குத் தனிச் சட்டம் கிடையாது, உடலே எலும்புக்கூடு. அதனால் துருவை விட்டுவைத்தால் காரே போய்விடும். தேங்கிய நீரில் இறங்கி ஏறினால், பிரேக்கை மெல்ல நாலைந்து முறை அழுத்திக் காயவிட வேண்டும்.

இத்தனையும் செய்து பல வருஷம் நிம்மதியாகவே ஓட்டினேன். அதற்குப் பெர்ரியும் ஒரு காரணம். பட்டர்வொர்த்தில் ஏற்றி எஞ்சினை நிறுத்திவிட்டால், அக்கரை சேரும்வரை அதற்கு ஓய்வு. பெர்ரியில் கார் ஏற்றுவது 2021 தொடக்கத்தோடு நின்றது. இப்போது ஆட்களுக்கும் இரு சக்கர வண்டிகளுக்கும் மட்டுமே இடம். எங்களுக்கு மிஞ்சியது 1985-ல் திறந்த பாலம். 13.5 கிலோமீட்டர் நீளம், அதில் 8.4 கிலோமீட்டர் கடலுக்கு மேலே.

ஒருநாள் அம்மாவைக் கண் வைத்தியத்துக்கு அழைத்துப் போனேன். பாலத்தின் நடுவே நெரிசல். உச்சி வெயில். வண்டி ஊர்ந்தால் ரேடியேட்டருக்குக் காற்று போதாது. வெப்பம் காட்டும் முள்ளும் இந்தக் காரில் இல்லை. ஆவி கிளம்பிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஓரத்தில் நிறுத்தி எஞ்சின் ஆறும்வரை காத்திருந்தோம். மோட்டார் சைக்கிள்கள் எங்களை உரசிக்கொண்டு பறந்தன. சூட்டில் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். எனவே கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். வைத்தியர் குறித்த நேரம் கடந்துவிட்டது.

"உங்கப்பா இருந்திருந்தா, அவரே என்னை இதுல ஏத்தியிருக்க மாட்டாரு, தம்பி," என்றார் அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அதிகம் சுட்டது. அப்பாவின் காரைக் காப்பதாக எண்ணி, அம்மாவை நடுப்பாலத்தில் நிறுத்திவிட்டேனே!

அடுத்த மாதமே தவணையில் ஒரு சிறிய உள்நாட்டுக் கார் வாங்கினேன். மருத்துவமனைக்கும் பாலத்துக்கும் அதுதான். மோரிஸ் இன்றும் தோட்டத்துச் சாலையில் பள்ளிக்கு ஓடுகிறது. ஞாயிறன்று சந்தைக்கும் போகிறது.

ஆகவே வாசகர்களே, தினமும் ஓட்டலாமா என்று கேட்டால், ஓட்டலாம் என்பேன். தூரம் குறைவாக இருக்கட்டும், கிரீஸ் அடிக்க நேரம் இருக்கட்டும், தெரிந்த பட்டறைக்காரர் பக்கத்தில் இருக்கட்டும். நேரத்துக்குப் போயே தீர வேண்டிய உயிர் ஒன்று பின் இருக்கையில் இருந்தால் மட்டும், அதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.